பழகுவது கையா?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களம். மட்டை உரித்த காய்கள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருந்தன. பலகைமேல் உட்கார்ந்து ஒரு அக்கா உடைத்துக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையில் காய், வலது கையில் கொடுவாள். ஒரே போடுதான். காய் இரண்டாகப் பிளக்கும், தண்ணீர் கீழே ஓடும், இரண்டு மூடியும் களத்தில் போய் விழும். அதற்குள் இடது கை அடுத்த காயை எடுத்திருக்கும். இதில் பாதி நேரம் அவர் காயைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, மாமியாரின் முட்டிவலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வெரல்ல பட்டுராதுங்களா அக்கா?" என்றேன்.

"கை பழகீருச்சுங்க தம்பி. எங்க போடோணும்னு அதுக்கே தெரியும்."

நான் ஈரோட்டில் பிசியோதெரபி பார்க்கிறவன். 'அதுக்கே தெரியும்' என்பதைத் தலைகீழாக்கித் தினமும் கேட்கிறேன். பக்கவாதம் வந்தவரைக் கூட்டிக்கொண்டு வருகிற வீட்டார், "கை எல்லாத்தையும் மறந்துபோச்சுங்க, எண்ணெய் போட்டு நீவி உட்டாச் சரியாயிருங்களா?" என்பார்கள். எண்ணெய் தேய்ப்பதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கோளாறு நடந்தது தலைக்குள். அந்தப் பக்கம் பார்த்தால், பேட்மிண்டன் கோச், டிரைவிங் ஸ்கூல் அண்ணன், புது டெய்லருக்குச் சொல்லிக்கொடுக்கும் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என ஆளாளுக்கு 'மசில் மெமரி' என்கிறார்கள். தசைக்கு ஞாபகம் இருக்கிறதாம். ஆயிரம் தடவை செய்தால் அதில் பதிந்துவிடுமாம்.

(ஜிம்மை நிறுத்திவிட்டு மறுபடி போகிறவருக்குத் தசை சீக்கிரம் திரும்ப ஏறும் என்பதையும் இதே பெயரில் சொல்கிறார்கள். அது தசையின் பருமன் பற்றிய தனிக்கதை. இங்கே பேசுவது திறமையைப் பற்றி.)

அப்படியானால் பழகுவது எது? ஒரு டம்ளரை எட்டி எடுப்பதை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்

ஒரு தாளில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். அசைந்தது விரல்களும் கொஞ்சம் மணிக்கட்டும்தான். இப்போது ஒரு சாக்பீஸை எடுத்துச் சுவரில் இரண்டடி அகலத்துக்கு அதையே போடுங்கள். விரல்கள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். வேலை செய்வது தோளும் முழங்கையும். உங்கள் தோள்பட்டைத் தசை வாழ்நாளில் எத்தனை தடவை கையெழுத்துப் போட்டிருக்கும்? இருந்தாலும் சுவரில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தான் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடுவார்கள். கால் கட்டைவிரலால் மணலில் எழுதினாலும், கோணல்மாணலாக, அதே சாயல் வரும்.

பழக்கம் விரல் தசையில் பதிந்திருந்தால் தோளுக்கு அது எப்படித் தெரியும்?

1920-களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், சம்மட்டி அடிக்கும் அனுபவசாலித் தொழிலாளிகளின் கைகளில் சிறு விளக்குகளைக் கட்டிப் படம் பிடித்தார். நூற்றுக்கணக்கான அடிகள். ஒவ்வொரு அடியிலும் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரிதான் மடங்கின. ஆனால் சம்மட்டியின் முனை ஏறக்குறைய ஒரே பாதையில் போய் ஒரே இடத்தில் விழுந்தது. தோள் கொஞ்சம் தாண்டிப் போனால் முழங்கை அதைச் சரிக்கட்டிவிடுகிறது. அவர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவில்லை. ஒரே கணக்குக்குத் தினுசு தினுசாக விடை போட்டுக்கொண்டிருந்தார்கள். களத்து அக்காவும் அப்படித்தான். ஒரு காய் பெரிது, ஒரு காய் சிறிது, ஒன்று உருண்டை, ஒன்று நீளம். ஒரே அசைவு பதிந்திருந்தால் மூன்றாவது காயிலேயே விரல் போயிருக்கும்.

டம்ளர் கணக்கு

மேசைமேல் காபி டம்ளர் இருக்கிறது. கையை நீட்டி எடுக்கவேண்டும். மூளைக்கு இரண்டு சங்கதி தெரியவேண்டும். டம்ளர் எங்கே? என் கை எங்கே?

முதலாவதைக் கண் சொல்லும். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் கை கிளம்புவதற்கு முன்பே கண் டம்ளர்மேல் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதுதான் நாம் நினைத்தே பார்க்காதது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட முடிகிறதல்லவா? தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள், எது எவ்வளவு நீண்டிருக்கிறது, எது எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதற்கு உறுப்புநிலை உணர்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இது போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் சாட்சி. 1971-இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வும் தொடு உணர்வும் போய்விட்டன. தசை வலு அப்படியே இருந்தது. ஆனாலும் எழுந்து உட்கார முடியவில்லை. கை பாட்டுக்கு எங்கேயோ போனது. ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தக் கற்று, நீண்ட காலத்துக்குப் பிறகு நடந்தார். விளக்கு அணைந்தால் சாய்ந்துவிடுவார். வலு வேறு, வலுவை எங்கே செலுத்துவது என்கிற கணக்கு வேறு.

சரி, இரண்டு இடமும் தெரிந்துவிட்டது. அடுத்து, எந்த வழியில் போவது? தோள் மூன்று விதமாகத் திரும்பும், முழங்கை ஒரு விதம், முன்கை முறுக்குவது ஒரு விதம், மணிக்கட்டு இரண்டு. ஆக ஏழு. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போகப் பெருந்துறை, அவிநாசி வழி இருக்கிறது, காங்கேயம், பல்லடம் சுற்றியும் போகலாம், ரயிலும் உண்டு. மூன்று வழிக்கே வீட்டில் சண்டை வரும். டம்ளரை எடுக்கவோ கணக்கில்லாத வழிகள்.

ஆனால் 1981-இல் பியேத்ரோ மொராஸ்ஸோ அளந்து பார்த்தபோது, யார் கையை நீட்டினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. கை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. வேகம் மெல்ல ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மெல்ல இறங்குகிறது. வரைந்து பார்த்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த வடிவம். மூட்டுகள் கோணங்களில் திரும்பினாலும் கை நேராகப் போகிறது என்பதுதான் விசேஷம். அதாவது திட்டம் பெரும்பாலும் 'கை எங்கே போகவேண்டும்' என்ற மொழியில் போடப்படுகிறது. எந்தத் தசை எவ்வளவு இழுப்பது என்பது அதிலிருந்து பிறக்கிற கணக்கு.

ஏன் இப்படி மெத்தென்ற வேகம்? ஒரு நல்ல விளக்கம் உண்டு. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் எப்போதும் கொஞ்சம் தடுமாற்றம் கலந்திருக்கும். கட்டளை பெரிதானால் தடுமாற்றமும் பெரிதாகும். சின்னக் குரலில் பேசினால் தெளிவாகக் கேட்கிற திருவிழா ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டினால் கரகரக்குமே, அதுபோல. திடுக்கென்று கிளம்பித் திடுக்கென்று நிறுத்தினால் பெரிய கட்டளைகள் வேண்டும். கை குறி தவறும். மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால் டம்ளர் பத்திரம். ஊசியில் நூல் கோர்க்கும்போது கை தானாக நிதானப்படுவதும், கொசுவை அடிக்கும்போது பறப்பதும் இதே கணக்கில் அடங்கும்.

இந்தத் திட்டம் உருவாவதில் தலையின் உச்சிக்குப் பின்புறமுள்ள மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு. கண் சொன்னதும் உறுப்பு சொன்னதும் அங்கே சந்திக்கின்றன. கட்டளை கிளம்பும் முக்கிய இடம் இயக்கப் புறணி, காதுக்குக் காது ஹெட்போன் மாட்டினால் பட்டை போகும் இடத்தை ஒட்டிய பகுதி. அங்கே பெரும்பாலான நரம்பணுக்களுக்கு ஆளுக்கொரு பிடித்த திசை உண்டு என்று 1982-இல் அபஸ்தலோஸ் ஜார்ஜோபூலஸ் குழுவினர் குரங்குகளிடம் கண்டார்கள். கை அந்தத் திசையில் போகும்போது அந்த அணு அதிகமாகத் துடிக்கும். தனியாக ஓர் அணுவைக் கேட்டால் கை எங்கே போகிறது என்று உறுதியாகச் சொல்லாது. எல்லா அணுக்களின் வாக்கையும் சேர்த்து எண்ணினால் திசை தெரிந்துவிடும். தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆளாளுக்குக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் இழுத்தாலும் தேர் போவது ஒரு பக்கம்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: திறமை தசையில் இல்லை. டம்ளர் இருக்கும் இடம், கை இருக்கும் இடம் இரண்டையும் ஒப்பிட்டு மூளை பாதை போடுகிறது, பிறகு தசைக்குக் கட்டளை போகிறது. ஆனால் கதை இங்கே முடிந்திருந்தால் நாம் காபியைச் சிந்திக்கொண்டேதான் இருப்போம்.

பின்னால் வரும் லாரி

நாமக்கல் பக்கம் லாரியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் பின்னால் நின்று வண்டியைத் தட்டிக்கொண்டே "வரட்டும்... வரட்டும்... வரட்டும்... போதும்!" என்பார். 'போதும்' காதில் விழுந்த பிறகுதான் பிரேக்கை மிதிப்பேன் என்று டிரைவர் இருந்தால் பின்பக்கம் சுவரில் இடித்திருக்கும். கிளீனர் பார்த்து, கத்தி, சத்தம் வந்து, கால் போவதற்குள் வண்டி ஓரடி நகர்ந்துவிடும். நல்ல டிரைவர் மனசுக்குள் வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளீனர் குரல் அந்தக் கணக்கைச் சரிபார்க்க மட்டும்தான்.

மூளையின் நிலைமையும் அதேதான். கண்ணில் பட்ட ஒன்று கையின் போக்கைத் திருத்துவதற்கு 100 முதல் 150 மில்லிநொடி ஆகிறது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிநொடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் கொடுவாள் இறங்குவதே அவ்வளவு நேரம்தான். கண் பார்த்துச் சொல்லும்போது காய் உடைந்திருக்கும், இல்லையென்றால் விரல். 1899-இலேயே ராபர்ட் உட்வொர்த் இதைப் பென்சிலால் காட்டினார். மெதுவாகக் கோடு போடும்போது கண்ணைத் திறந்திருப்பவர்கள் துல்லியமாகப் போட்டார்கள். வேகம் கூடக்கூட, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

அப்படியென்றால், சேதி வந்து சேரும் முன்பே கை இப்போது எங்கே இருக்கும் என்று மூளைக்கு வேறொரு வழியில் தெரிந்திருக்கவேண்டும். கட்டளையை அனுப்பும்போதே அதன் நகல் ஒன்றை மூளை தனக்கென்று வைத்துக்கொண்டு, 'இந்தக் கட்டளைக்குக் கை இங்கே போயிருக்கும், இப்படி உணரும்' என்று முன்னாலேயே ஊகித்துவிடுகிறது என்பதுதான் இன்றைக்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதுதான் முன்கணிப்பு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலித் தூக்குப்போசி

முன்கணிப்பு கண்ணுக்குத் தெரிவது அது தவறும்போதுதான். போன மாதம் அடுப்படி மேடையில் இருந்த தூக்குப்போசியை எடுத்தேன். பால் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பு. அது காலி. போசி விர்ரென்று தோள் உயரத்துக்கு வந்து, மூடி கழன்று, சமையலறை முழுக்க ஒரே சத்தம். அமுச்சி உள்ளேயிருந்து, "என்னடா கண்ணு, பூனையா?" என்றாள்.

என் கை தப்பு செய்யவில்லை. இரண்டு லிட்டர் பாலுக்கான கட்டளை கச்சிதமாகப் போய்ச் சேர்ந்தது. பால்தான் இல்லை.

இன்னொன்று பாருங்கள். உள்ளங்கையில் ஒரு கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு, வேறொருவரை விட்டுச் சட்டென்று எடுக்கச் சொல்லுங்கள். கை மேலே துள்ளும். இப்போது உங்கள் மற்றொரு கையாலேயே எடுங்கள். அசையவே அசையாது. எடுக்கப்போவது நீங்கள்தானே, புத்தகம் கிளம்பும் அதே கணத்தில் கையின் இறுக்கத்தை மூளை தளர்த்திவிடுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராததற்கும் இதுதான் காரணம்: வரப்போகும் தொடுதலை முன்பே கணித்துவிட்டதால் அதன் உறைப்பு குறைந்துவிடுகிறது.

முன்கணிப்பு இருந்தால் போகிற வழியிலேயே திருத்தவும் முடியும். 1986-இல் பிரெஞ்சு ஆய்வுக்கூடம் ஒன்றில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதைக் கையால் சுட்டவேண்டும். கண் புள்ளியை நோக்கித் தாவும் அந்த இமைப்பொழுதில், புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார்கள். கண் தாவும்போது நமக்கு அது தெரியாது. சோதனைக்கு வந்தவர்கள் யாரும் புள்ளி நகர்ந்ததை உணரவே இல்லை. கை மட்டும் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, தயக்கமில்லாமல், கூடுதல் நேரம் எடுக்காமல். அவர்களால் தங்கள் கையைப் பார்க்கவும் முடியாது. 'கைக்கே தெரியும்' என்று அக்கா சொன்னதை முழுப்பொய் என்று சொல்ல முடியாமல் போவது இங்கேதான். தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாமலே தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தெரிதல் நடக்கும் இடம் மணிக்கட்டு இல்லை.

கண்ணாடியும் மௌஸும்

இனிதான் பழக்கம் என்ற சொல்லுக்கு வருகிறோம். கணிப்பு தவறினால் மூளை என்ன செய்யும்?

19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பட்டகக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். பட்டகம் என்றால் ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டால் உலகமே கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாற்போல் தெரியும். டம்ளரை எடுக்கப் போனால் கை வலப்பக்கம் காற்றைப் பிடிக்கும். கொஞ்ச நேரம் முயன்றால் சரியாக எடுக்கத் தொடங்கிவிடுவோம். இதற்குத் தகவமைப்பு என்று பெயர். ஆனால் விஷயம் கண்ணாடியைக் கழற்றிய பிறகு இருக்கிறது. இப்போது கை *இடப்பக்கம்* தவறுகிறது! இந்த எதிர்ப்பக்கத் தவறுக்குப் பின்விளைவு என்று பெயர்.

பின்விளைவை இவ்வளவு பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. 'கண்ணாடி வலப்பக்கம் காட்டுகிறது, நான் இடப்பக்கம் போகிறேன்' என்று யோசித்துச் சமாளித்திருந்தால், கழற்றியதும் அந்த யோசனையையும் கழற்றி வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை. அப்படியென்றால் உள்ளே கணிப்பே மாறிப்போயிருக்கிறது.

பட்டகம் தேடிப் போகவேண்டாம். கம்ப்யூட்டர் மௌஸை 45 டிகிரி இடப்பக்கம் திருகி வைத்துப் பிடியுங்கள். நேராக முன்னால் தள்ளினால் திரையில் அம்பு வலப்பக்கம் சாய்ந்து ஓடும். அப்படியே கால்மணி நேரம் வேலை செய்யுங்கள். எரிச்சலாக இருக்கும், பிறகு அடங்கும். அடுத்து மௌஸை நேராக்குங்கள். முதல் சில தடவை அம்பு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். ஆபீஸில் செய்யாதீர்கள். நான் செய்து, ஒரு நோயாளியின் பில்லை இரண்டு தடவை பிரிண்ட் கொடுத்தேன்.

தள்ளுவிசைக்கும் இப்படித்தான். 1994-இல் ரேஸா ஷத்மேர், முஸ்ஸா-இவால்டி இருவரும் ஒரு ரோபோ கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார்கள். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதற்கேற்ப ரோபோ தள்ளிவிடும். முதலில் எல்லோர் பாதையும் வளைந்தது. பழகப் பழக நேரானது. சொல்லாமல் ரோபோவின் விசையை நிறுத்தியதும் பாதை எதிர்ப்பக்கம் வளைந்தது. தசை கெட்டிப்பட்டு எதிர்த்து நின்றிருந்தால் எதிர்ப்பக்கம் ஏன் வளையவேண்டும்? வரப்போகும் தள்ளுதலை மூளை எதிர்பார்த்து, அதற்குச் சமமான எதிர்விசையை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில் லாக்னர், டிஸியோ இருவரும் ஒரு முழு அறையையே ராட்டாந்தூரி போலச் சுற்றவிட்டார்கள், நிமிடத்துக்கு 10 சுற்று. ஒரே வேகத்தில் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் சுற்றுவதே தெரியாது. ஆனால் கையை முன்னால் நீட்டினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். திரும்பத் திரும்ப நீட்டச் சொன்னதும் நேராகிவிட்டது. அறை நின்றதும் எதிர்ப்பக்கம். எந்த ஊரில் செய்தாலும் ஒரே கதை.

கணக்குப்பிள்ளையின் கவலை

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்லோரும் வழுக்கும் இடம் இது.

மூளை தவற்றிலிருந்து கற்கிறது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்தத் தவறு? டம்ளர் கையில் கிடைக்காததா? 2006-இல் மஸ்ஸோனி, கிரக்கௌவர் இருவரும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். மௌஸ் சோதனை போலவேதான்: கை போகும் திசையிலிருந்து திரைப்புள்ளி 45 டிகிரி விலகி ஓடும். ஆனால் இந்த முறை சோதனைக்கு வந்தவர்களிடம் ரகசியத்தை உடைத்துவிட்டார்கள். 'புள்ளி 45 டிகிரி விலகும். அதனால் குறிக்குப் பதிலாக, அதற்கு அடுத்த அடையாளத்தை நோக்கிக் கையை நீட்டுங்கள்' என்றார்கள். உடனே சரியாகக் குறியில் விழுந்தது. வேலை முடிந்தது என்றுதானே நினைப்போம்?

செய்யச் செய்ய மோசமானது. யாரும் எதையும் மாற்றவில்லை. அவர்கள் சொன்னபடியே அடுத்த அடையாளத்தை நோக்கித்தான் நீட்டினார்கள். ஆனாலும் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறியைத் தாண்டி மறுபக்கம் போனது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குக் கல்லாவில் பணம் நிறைந்தால் சந்தோஷம். கணக்குப்பிள்ளைக்கு அது போதாது. நோட்டில் எழுதியதும் கல்லாவில் இருப்பதும் ஒத்துப்போகவேண்டும். பணம் *அதிகமாக* இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. எங்கே தப்பு என்று நோட்டைத் திருத்தத் தொடங்கிவிடுவார். மேலே இருக்கும் நம் யோசனை முதலாளி. குறியில் விழுந்ததா, சரி. உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளையோ, 'கை அந்த அடையாளத்தை நோக்கிப் போனது, புள்ளியும் அங்கேதான் போயிருக்கவேண்டும், ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டுத் திருத்திக்கொண்டே போகிறார். லாபம் கெட்டாலும் பரவாயில்லை, கணக்கு நேராகவேண்டும்.

எதிர்பார்த்ததற்கும் உணர்ந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குக் கணிப்புப் பிழை என்று பெயர். தகவமைப்புக்குத் தீனி இதுதான். புத்தி சொன்னாலும் கேட்காத அளவுக்கு அது தன் வேலையில் குறியாக இருக்கிறது. 'எத்தனை தடவை செய்தாய்' என்று மட்டும் கேட்கிற கோச்சுகளிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதனால்தான். பிழை தெரியாதபடி ஆயிரம் தடவை செய்தால் திருத்துவதற்கு உள்ளே ஒன்றும் போய்ச் சேராது.

மறுபடி ஒரு வரி: மூளை கட்டளை போடும்போதே விளைவை ஊகிக்கிறது, ஊகமும் நடந்ததும் வேறானால் ஊகத்தைத் திருத்துகிறது, 'பழகிவிட்டது' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் திருத்தம்.

கணக்குப்பிள்ளை உட்காரும் இடம்

அது சிறுமூளை. தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, முஷ்டியளவு இருக்கும். மூளையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் அடைந்திருக்கின்றன.

சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு 1996-இல் பட்டகக் கண்ணாடி மாட்டி, குறி பார்த்து உருண்டை எறியச் சொன்னார்கள். மற்றவர்களின் எறிதல் சில பத்து எறிகளில் குறிக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் போனது. சிறுமூளைப் பாதிப்பு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் நடக்கவில்லை. எறிய வலு இருந்தது. கண்ணாடியோடு தவறிக்கொண்டே இருந்தார்கள், கழற்றியதும் பழையபடி எறிந்தார்கள். என்னிடம் வருகிறவர்களிலும் சிறுமூளைக் கோளாறு உள்ளவரைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. என் விரலைத் தொட்டுவிட்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள் என்பேன். கை பாதி வழிவரை போய், குறியை நெருங்க நெருங்க ஆடத் தொடங்கும், சிலருக்குத் தாண்டிப் போய்விடும். முன்கணிப்பு சரியில்லாமல், தாமதமாக வரும் கண்ணின் சேதியை வைத்து ஓட்டினால் இப்படித்தான் ஆகும். கிளீனர் குரலை மட்டும் நம்பும் டிரைவர்.

கள்ளோ சாராயமோ போட்டவருக்கும் இதே மூக்குச் சோதனை தடுமாறும். சாராயம் முதலில் பதம் பார்க்கிறவற்றில் சிறுமூளையும் ஒன்று.

இந்த ஞாபகம் நம் மற்ற ஞாபகங்களோடு ஒட்டாதது என்பதற்கு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் கதை போதும். வலிப்புக்காக 1953-இல் மூளையில் அறுவை செய்தபின் அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பிரதிபலிப்பைப் பார்த்தபடி நட்சத்திரக் கோட்டின்மேல் வரையச் சொன்னார். மூன்று நாளில் மொலைசன் நன்றாக வரையத் தேர்ந்துவிட்டார். ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன்பு செய்ததே இல்லை என்றுதான் சொன்னார்.

சீக்கிரம் வருவது, சீக்கிரம் போவது

ஒரு வாரம் டிரைவிங் ஸ்கூல் போய்விட்டு மூன்று மாதம் வண்டியைத் தொடாதவருக்கு எல்லாம் போய்விடுகிறது. பத்து வருஷம் தறி ஓட்டியவர் ஐந்து வருஷம் கழித்துத் தறியில் உட்கார்ந்தாலும் அரைநாளில் கை வந்துவிடுகிறது. இதை விளக்க 2006-இல் ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் சொன்ன யோசனை எளிமையானது: உள்ளே ஒரே சமயத்தில் இரண்டு கற்றல்கள் ஓடுகின்றன. ஒன்று வேகமாகக் கற்கும், வேகமாக மறக்கும். மற்றொன்று மெதுவாகக் கற்கும், மெதுவாகத்தான் மறக்கும். வெயிலில் காயும் களத்து ஈரமும் கிணற்றுத் தண்ணீரும் போல. புதிதாகத் தொடங்கியவர் முதல் நாளில் காட்டும் முன்னேற்றம் பெரும்பாலும் களத்து ஈரம்; அதைப் பார்த்து மகிழ்ந்து பயிற்சியை விட்டுவிட்டால் கிணற்றில் ஒன்றும் ஊறியிருக்காது.

பக்கவாதக்காரர் வீட்டில் இதை நான் வேறு சொற்களில் சொல்வேன். எண்ணெய் தேய்த்து முடித்த பிறகு உண்மையான டம்ளரை வையுங்கள், உண்மையான தண்ணீரை ஊற்றுங்கள், எட்டி எடுக்கச் சொல்லுங்கள். சிந்தட்டும். சிந்துவது அவருக்குத் தெரியட்டும்.

கிளம்பும்போது களத்து அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். கொடுவாளை மாற்றினால் எப்படி? அவர் பக்கத்தில் சாக்குக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினார். புதுசு, பிடி தடிமன், முனைப்பக்கம் கனம் கூடுதல்.

"இத வாங்கின அன்னிக்கு நாலு காய் கோணயாப் போச்சுங்க. பயந்துட்டு வெச்சுட்டேன். அப்பறம் மதியம் கொஞ்சம், காலைல கொஞ்சம்னு போட்டேன். ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. இப்ப ரெண்டும் ஒண்ணுதான், எத எடுத்தாலும் காய் நடுவுல உழுகும்." சொல்லிக்கொண்டே புதியதை ஓங்கினார். காய் பிளந்தது. அந்தக் கொடுவாளைக் கீழே வைத்துப் பழையதை எடுத்தார், ஓங்கினார். அதுவும் நடுவில்தான் விழுந்தது.